உறைந்த டம்ளரும் உறையாத டம்ளரும்

பொத்தான் கடையில் இதுவரை நடந்த பேரங்களிலேயே நீளமானது கடைக்காரருக்கும் அவர் மனைவிக்கும் நடந்ததுதான். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கடையைக் கட்டிக்கொண்டிருந்தன. "என்கிட்ட ரெண்டு இருக்கு, ஒண்ணை எடுத்துக்குங்க" என்றாள் அவள். "திருப்பித் தர முடியாத சரக்கை நான் வாங்குறதில்லை" என்றார் அவர். கோபம், கண்ணீர், பேசாமை என்று கைவசம் இருந்த எல்லாவற்றையும் அவள் கடைபரப்பிப் பார்த்தாள். ஒன்றும் விலைபோகவில்லை.

கடைசியில் பேரம் ஒருவழியாகப் படிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு புது ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள். அதில் அவர் சேருவார். அது முடிகிறவரை சிறுநீரகப் பேச்சை அவள் எடுக்கக் கூடாது. ஆராய்ச்சி அவரைக் கைவிட்டால், அதன்பிறகு அவர் வாயைத் திறக்கக் கூடாது.

"குடலுக்குள்ள வாழுற நல்ல பாக்டீரியா சிலதைக் கேப்சூல்ல அடைச்சுக் கொடுக்கிறோம்" என்று ஆராய்ச்சி டாக்டரம்மா முதல் நாளே விளக்கியிருந்தார். "சிறுநீரகத்தால வெளியேத்த முடியாம ரத்தத்துல தேங்குற கழிவுல கொஞ்சத்தை அதுங்க குடல்லயே தின்னு தீர்க்குமான்னு பார்க்கிறோம். தீர்க்கும்னு நான் சொல்லலை. பார்க்கிறோம்னுதான் சொல்றேன். மத்த மருந்து, பத்தியம் எதையும் விடக் கூடாது."

பொத்தான்காரர் அதை அங்கேயே தம் பாஷைக்கு மாற்றிக்கொண்டார். "முன்வாசல் அடைச்சுக்கிச்சு. பின்வாசல் வழியா குப்பையை அள்ளப் பார்க்கிறாங்க. யோசனை நல்லாத்தான் இருக்கு."

ஒரே ஒரு நிபந்தனைதான் அவர் தொண்டையில் சிக்கியது. பாதிப் பேருக்கு அசல் கேப்சூல். மீதிப் பேருக்கு, பார்க்க அச்சு அசலாக அதேபோல் இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்பது விழுங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது.

"விக்கிறவங்களுக்கே என்னன்னு தெரியாத சரக்கா!" என்று வீடு வந்து சேரும்வரை புலம்பிக்கொண்டு வந்தார். புலம்பல் அன்றோடு தீர்ந்துவிட்டதென்று அவள் நினைத்தாள். முப்பது வருஷத்துக்கு மேல் கூடவே இருந்தும் அவரை அவள் அப்படிக் குறைத்து எடைபோட்டது ஆச்சரியம்தான்.

சில புட்டிக் கேப்சூல் தீர்ந்த பிறகு, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள் வந்தது. முந்தின வாரம் எடுத்த ரத்தத்தின் முடிவைச் சொல்வார்கள். மகள் விடுப்புப் போட்டுவிட்டு நேராகக் கடைக்கே வந்துவிட்டாள். நகரத்துக் குடிநீரைப் பரிசோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. அதனால் அப்பா வாயில் அவள் பெயர் தண்ணீர்க்காரி.

கடை வாசலில் ஒரு தையல்காரர் காலையிலேயே பொத்தான்காரரோடு மல்லுக்கு நின்றார்.

"இந்தப் பொத்தானுக்கு இந்த விலையா? கோட்டையே நான் அந்த விலைக்குத் தைக்கிறேன் முதலாளி!"

"அப்ப கோட்டை என்கிட்ட கொடுத்துட்டுப் பொத்தானை நீங்க எடுத்துட்டுப் போங்க. ரெண்டு பேருக்கும் லாபம்."

"உடம்பு சரியில்லைன்னு சொன்னாங்களே, வாய் மட்டும் நல்லாத்தான் இருக்கு."

"வாய்க்குத் தனி டாக்டர்" என்றார் பொத்தான்காரர். பிறகு உள்பக்கம் திரும்பி, "ஏம்மா, அந்தக் கொம்புப் பொத்தான் பெட்டி! மேல் அடுக்கு!" என்று கத்தினார்.

பின்னறை முழுக்கச் சுவரை மறைத்துக்கொண்டு அட்டைப்பெட்டிகள். எல்லாப் பெட்டியின் முகப்பிலும் மாதிரிப் பொத்தான் ஒன்று நூலால் தைத்திருக்கும். அதைப் பார்த்தாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும், எழுத்து வேண்டியதில்லை. அவள் முக்காலிமேல் ஏறி மேல் அடுக்கில் கையை விட்டாள். கொம்புப் பொத்தான் பெட்டியை இழுத்ததும், அதன் பின்னால் அட்டை மூடி போட்ட இரண்டு பீங்கான் டம்ளர்கள் தெரிந்தன.

ஒரு மூடியில் கருப்புப் பொத்தான் தைத்திருந்தது. இன்னொன்றில் வெள்ளைப் பொத்தான்.

அவள் மூடியைத் தூக்கினாள். கருப்பு டம்ளரில் பால். வெள்ளை டம்ளரில் தயிர். கத்தியால் வெட்டலாம்போல் இறுகியிருந்தது. அந்த டம்ளர் அவளுக்குத் தெரிந்ததுதான். விளிம்பிலிருந்து அடிவரை மயிரிழை போல விரிசல் ஓடியதால் வீட்டிலிருந்து கடைக்குத் தள்ளிவிட்ட டம்ளர். அளவு குறிக்கும் சாக்குக்கட்டிகள் போட்டுவைக்கக் கொடுத்திருந்தாள். டம்ளர்களுக்கு நடுவில், இரண்டாகப் பிளந்த கேப்சூல் கூடுகள் கிடந்தன.

"இங்க வா" என்று மகளை மெதுவாகக் கூப்பிட்டாள்.

மகள் எட்டிப் பார்த்தாள். கேப்சூல் கூட்டை எடுத்து விரலில் உருட்டினாள். அவள் முகம் மாறியது.

"அம்மா, அப்பா கேப்சூலைப் பிரிச்சுப் பால்ல கொட்டியிருக்கார். உயிருள்ள பாக்டீரியா இருந்தா உறையும், மாவா இருந்தா உறையாதுன்னு கணக்கு."

"இந்தப் புத்தியைப் படிப்புல காட்டியிருந்தா..."

"அது இருக்கட்டும். அவருக்கு ஒரு புட்டிதானே கொடுக்கிறாங்க? ரெண்டு டம்ளர் எதுக்கு?"

அம்மாவுக்கு மெல்ல மெல்லப் பொறி தட்டியது. அதே ஆராய்ச்சியில் இன்னொருவரும் இருந்தார். அடுத்த தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். ஆஸ்பத்திரி பெஞ்சில் பழக்கமானவர். ஒவ்வொரு முறை புதுப் புட்டி வாங்கிய அன்றும் அவர் நேராக இங்கே வருவார். இருவரும் பின்னறையில் உட்கார்ந்துகொண்டு, தேநீர் வாங்கி வா என்று அவளை அனுப்பிவிடுவார்கள். திரும்பி வரும்போது உள்ளே பொத்தான் எண்ணுவதுபோல் கலகலவென்று சத்தம் கேட்கும். பொத்தான் கடையில் அந்தச் சத்தத்தை யார் சந்தேகப்படுவார்கள்?

"ரெண்டு பேரும் கேப்சூலைக் கலந்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கிறாங்க" என்றாள் அவள். முக்காலியிலிருந்து இறங்கினாள்.

மகள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அப்பா சட்டையில எப்பவும் கருப்புப் பொத்தான்தான். கருப்பு உறையலை. அப்ப அப்பாவுக்கு வந்தது மாவு, கண்ணாடி மாமாவுக்கு வந்தது அசல். மாமா தலையில நல்லா மிளகாய் அரைச்சிருக்கார்!"

"சும்மா இருடி, அப்பாவை..."

"இல்லம்மா. இன்னொண்ணு. இந்த டம்ளர் கணக்கே தப்பு. தண்ணி சோதிக்கும்போது நாங்க எதுவும் கலக்காத ஒண்ணைப் பக்கத்துலயே வைப்போம். பாட்டில்லயே அழுக்கு இருந்தா அது காட்டிக்கொடுத்துடும். ரெண்டு டம்ளர் வச்சவர், எதுவும் போடாத மூணாவது டம்ளர் வச்சாரா?"

வாசலில் பொத்தான்காரரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தையல்காரர் தோற்றுப்போய்ப் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, பெட்டி கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது" என்றாள் அவள். "எல்லாமே கிடைச்சுது."

பஸ் ஏறினார்கள். பொத்தான்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, எதிரில் நின்ற ஆளின் சட்டைப் பொத்தான் எந்தக் கடையில் வாங்கியது, எவ்வளவுக்கு ஏமாந்திருப்பான் என்று மகளுக்கு விளக்கிக்கொண்டு வந்தார். மகள் பதில் சொல்லாததைக்கூட அவர் கவனிக்கவில்லை. கணுக்கால் வீங்கியிருந்ததால் செருப்பைப் பாதி மாட்டியபடி வந்தார். அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள் மனைவி. கோபப்படலாம் என்று பார்த்தால் அந்த வீக்கம் குறுக்கே வந்தது.

ஆஸ்பத்திரி நடைபாதையில் வழக்கமான பெஞ்சு. கண்ணாடிக்காரர் முன்பே வந்து மூன்று பேருக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். மனைவியை இழந்தவர், பிள்ளை குட்டி கிடையாது. பார்க்கிற யாருடைய மூக்கையும் அளவெடுப்பதுபோல் ஒரு பார்வை.

"வா தங்கச்சி! என்ன, முகம் பவர் ஏறின மாதிரி இருக்கு?"

"உங்களுக்கு மட்டும் எல்லாம் தெளிவாத் தெரியுது அண்ணே" என்றாள் அவள். குரலில் இருந்த முள்ளைக் கண்ணாடிக்காரர் கண்டுகொண்டார். பொத்தான்காரரைப் பார்த்தார். பொத்தான்காரர் கூரையைப் பார்த்தார்.

"மாமா, எடை, ரத்த அழுத்தம் பார்க்க முதல்ல உங்களைத்தான் கூப்பிடுறாங்க. நான் கூட வர்றேன்" என்று மகள் அவரை எழுப்பி அழைத்துப் போனாள். போகும்போது அம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள்.

பெஞ்சில் இரண்டு பேர் மட்டும்.

"மேல் அடுக்கு" என்றாள் அவள்.

"என்ன மேல் அடுக்கு?"

"கொம்புப் பொத்தான் பெட்டிக்குப் பின்னாடி. தயிர்க் கடை எப்பத் திறந்தீங்க?"

பேரத்தில் தம் கொள்முதல் விலையை எதிராளி துல்லியமாகச் சொல்லிவிட்டால் எப்படி விழிப்பாரோ, அப்படி விழித்தார் அவர். பிறகு தோளைத் தளர்த்திக்கொண்டார்.

"பார்த்துட்டியா."

"பார்த்துட்டேன். உங்களுக்கு மாவு வந்துடுச்சுன்னு, பாவம், அந்த அண்ணன்கிட்டப் பாதியைப் பிடுங்கியிருக்கீங்க. அவருக்கு இது தெரியுமா? டம்ளர் சங்கதி தெரியுமா?"

"டம்ளர் தெரியாது. பங்கு மட்டும்தான் தெரியும். யாருக்கு எதுன்னு தெரியாது, பாதி பாதின்னா ரெண்டு பேருக்கும் நிச்சயம் கொஞ்சம் கிடைக்கும், கூட்டு வியாபாரம்னு சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டான்."

"அதான். உறைஞ்சது அவரோடது, உறையாதது உங்களோடது."

"யார் சொன்னா?"

"கருப்புப் பொத்தான் யாரோடது? நீங்கதானே கருப்பு போடுவீங்க?"

"கருப்பு அவன்" என்றார் அவர். "கண்ணாடி ஃப்ரேம் கருப்பு இல்லையா, அதான் அந்த அடையாளம். வெள்ளைதான் நான்."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. நடைபாதையில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போனது. அது தாண்டும்வரை காத்திருந்தாள்.

"அப்ப தயிரு..."

"என்னோடது. ஒவ்வொரு புட்டியிலயும் ஒண்ணு எடுத்துப் போட்டுப் பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் வெள்ளைதான் உறைஞ்சுது, கருப்பு ஒரு தடவைகூட உறையலை. எனக்கு அசல் வந்திருக்கு. அவனுக்கு மாவு."

"தெரிஞ்சுமா பாதியைக் கொடுத்தீங்க?"

"முதல்ல தெரியாமத்தான் பேசினேன். தெரிஞ்சப்புறம் பேச்சை மாத்த முடியுமா? ஒத்துக்கிட்ட விலை ஒத்துக்கிட்ட விலைதான்."

"பொய் சொல்லாதீங்க. ஒத்துக்கிட்ட விலையிலயே ஊசி நுழையிற இடம் விட்டுவச்சு அப்புறம் உருவுற ஆளு நீங்க."

அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"இந்தச் சரக்கு வேலை செய்யலைன்னா எனக்கு நீ இருக்கே. அவனுக்கு யாரு இருக்கா?"

சொன்ன பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவசரமாகக் கூரைப் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

அவள் விடவில்லை. "என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் இல்ல."

"எனக்கு நீ இருக்கேன்னு சொன்னீங்க."

"பேச்சுக்குச் சொன்னேன்."

"முப்பது வருஷத்துல பேச்சுக்குன்னு நீங்க ஒரு வார்த்தை செலவழிச்சதில்லை" என்றாள் அவள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள். வேண்டாம் வேண்டாம் என்று தள்ளிக்கொண்டே இந்த மனிதர் தன்னைத்தான் கடைசிக் கையிருப்பாக வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார்.

மகளும் கண்ணாடிக்காரரும் திரும்பி வந்தார்கள். மகள் உட்காரவில்லை.

"அப்பா, உள்ளே போனதும் டாக்டரம்மாகிட்டச் சொல்லிடணும்."

"எதை?"

"டம்ளரை. பங்கை."

கண்ணாடிக்காரருக்கு வேர்த்துவிட்டது. பொத்தான்காரர் குரலை உயர்த்தினார். "சொன்னா நிறுத்திடுவாங்க, தண்ணீர்க்காரி! எனக்குன்னா பரவாயில்லை. இவனையும் சேர்த்து நிறுத்திடுவாங்க. ரெண்டு பேர் பாதி பாதி முழுங்கினதுல யாருக்கு என்ன நஷ்டம்? ஆஸ்பத்திரி முங்கிடுமா?"

"கடையில ரிப்பன் அளக்குறீங்களே, பித்தளை அளவுகோல், அதை யாராவது ஒரு விரல் அறுத்துட்டா என்ன செய்வீங்க?"

"கையை முறிப்பேன்."

"இங்க அளவுகோல் ஒருத்தர் கையில இல்லை. உங்களை மாதிரி எத்தனையோ பேரைச் சேர்த்துத்தான் அந்தக் கோலைச் செஞ்சிருக்காங்க. அதுல ரெண்டு விரல் நீங்க ரெண்டு பேரும். மாவு சாப்பிட வேண்டியவர் அசல் சாப்பிட்டார், அசல் சாப்பிட வேண்டியவர் மாவு சாப்பிட்டார். நாளைக்கு இந்தக் கோலை வச்சுத்தான் அளப்பாங்க. நல்ல மருந்தை உதவாதுன்னு தூக்கிப் போட்டாலும் போடுவாங்க. உதவாததை நல்லதுன்னு ஊர் முழுக்க வித்தாலும் விப்பாங்க. இதே பெஞ்சுல அடுத்து வந்து உட்கார்றவங்க அதைத்தானே முழுங்கணும்?"

ரிப்பன் அளக்கும்போது கட்டைவிரல் அகலம் கூடுதலாக விட்டே வெட்டுகிறவர் பொத்தான்காரர். விலையில் மனுஷனை உரித்துவிடுவார். அளவில் ஒரு நூல் குறைத்ததில்லை. அந்த இடம் பார்த்துத்தான் மகள் தட்டியிருந்தாள். அப்பன் பெண்.

"சொல்லிடலாம் முதலாளி" என்றார் கண்ணாடிக்காரர், தரையைப் பார்த்தபடி. "எனக்கும் முழுங்கும்போதெல்லாம் தொண்டையில நிக்குது."

அறைக்குள் டாக்டரம்மா இருவர் முடிவையும் மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் லேசான சந்தோஷம். அதை வெளியே காட்டலாமா என்று யோசிக்கிற சந்தோஷம்.

"உங்களுக்கு ரத்தக் கழிவு போன தடவை இருந்த இடத்துலயே நிக்குது, ஏறலை. உங்க நண்பருக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஒரு தடவை பார்த்ததை வச்சு நான் எதுவும் சொல்லக் கூடாது. ஆனா கெட்ட சேதி இல்லை."

பொத்தான்காரர் நண்பரைப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் முகம் குழந்தை முகம்போல் விரிந்திருந்தது. இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு சேதி வர வேண்டுமா? பேசாமல் எழுந்து புதுப் புட்டியை வாங்கிக்கொண்டு போய்விட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் கால் மேஜைக்கடியில் ஆடியதை மனைவி பார்த்தாள். எந்தப் பக்கமும் அவரைத் தள்ளவில்லை. காத்திருந்தாள்.

"டாக்டரம்மா" என்றார் அவர். "சரக்கைக் கலந்துட்டோம்."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பாலைச் சொன்னார். பொத்தானைச் சொன்னார். எது உறைந்தது என்பதையும் சொன்னார். "திட்டம் என்னோடது. இவனுக்கு ஒண்ணும் தெரியாது."

"தெரியாதுன்னு எப்படிச் சொல்றது?" என்றார் கண்ணாடிக்காரர். "பாதி எண்ணினவன் நான்தான். டம்ளர் மட்டும்தான் எனக்கு..." அங்கே நிறுத்தினார். மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். "உறைஞ்சது உங்களோடதா முதலாளி?"

கண்ணாடிக்காரர் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். ஊர்க் கண்ணாடியெல்லாம் துடைத்துக் கொடுக்கிற மனிதருக்குத் தம் கண்ணாடி மட்டும் சுத்தமாக வெகுநேரம் ஆயிற்று.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ரெண்டு முடிவுக்கும் இப்ப என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியலை" என்றார் கடைசியில். "கேப்சூலாலயா, பத்தியத்தாலயா, சும்மா தானாவா, சொல்ல முடியாது. பால் உறைஞ்சதுங்கிறதுக்காக அது குடல்ல வேலை செய்யும்னு இல்லை. உறையலைங்கிறதுக்காக அது மாவுன்னும் இல்லை. உங்களுக்கு எது வந்ததுன்னு எனக்கும் இன்னும் தெரியாது."

"எங்களைத் துரத்திடுவீங்களா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"துரத்த மாட்டேன். கேப்சூல் இனிமே கிடையாது. ஆனா ரத்தம் கொடுக்க ரெண்டு பேரும் வரணும், கடைசி வரைக்கும். நீங்க செஞ்சதை அப்படியே எழுதி மேலே அனுப்புவேன்." கொஞ்சம் நிறுத்தி, "சொன்னதுக்கு நன்றி. சொல்லாதவங்க இன்னும் யார் யாரோ!" என்றார்.

பொத்தான்காரர் எழுந்திருக்கப் போனார். அவர் மனைவி எழுந்திருக்கவில்லை.

"டாக்டரம்மா, சிறுநீரகம் தர்றதுக்கு என்னைச் சோதிக்கணும்னா யாரைப் பார்க்கணும்?"

"ஏம்மா, இப்ப எதுக்கு அதை..." என்றார் பொத்தான்காரர்.

"கீழ் மாடியில தனிப் பிரிவு இருக்கு. பொருந்துமான்னு முதல்ல ரத்தம் எடுப்பாங்க. இன்னைக்கேகூட எடுக்கலாம். அந்த முதல் முடிவு நாளைக்கே வந்துடும். அப்புறம் நிறைய இருக்கு, அவசரமே வேண்டாம்" என்றார் டாக்டரம்மா, இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு.

"எடுத்துடலாம்" என்றாள் அவள்.

நடைபாதையில் அவர் அவளை மறித்துக்கொண்டார். "கேளு. ஆராய்ச்சி கைவிட்டாத்தானே பேரம்? அது கைவிடலை. ஏறலைன்னு அந்தம்மாவே சொன்னாங்க. நாமளா நின்னுட்டோம். அது வேற இது வேற. கடையை யார் பார்க்கிறது? ரெண்டு பேரும் ஒரே நேரத்துல படுத்துட்டா? சீசன் முடியட்டும், உட்கார்ந்து பேசுவோம்."

"முடிஞ்சுதா?"

"இன்னும் இருக்கு."

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். உங்ககிட்ட இருக்கிறது அசல்னு நினைச்சு, அவருக்குத் தெரியாமலே பாதியை அள்ளிக் கொடுத்தீங்க. அவரால திருப்பித் தர முடியுமா?"

அவர் தம் பாதி மாட்டிய செருப்பைப் பார்த்தார்.

"திருப்பித் தர முடியாததை அவருக்கு நீங்க கொடுக்கலாம். உங்களுக்கு நான் கொடுக்கக் கூடாதா? நீங்களாவது சொல்லாமக் கொடுத்தீங்க. நான் சொல்லிட்டுக் கொடுக்குறேன்."

மகள் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டாள். கண்ணாடிக்காரர் தம் கண்ணாடியை மறுபடி கழற்றினார்.

ஊரிலுள்ள தையல்காரர்களை எல்லாம் மடக்கிய பொத்தான்காரர், பதில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று சட்டைப் பையைத் தடவினார். கைக்குக் கிடைத்தது பஸ் டிக்கெட்தான். அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"ஊசி குத்தும்போது நீ கத்துவே" என்றார் கடைசியில்.

"பக்கத்துல நில்லுங்க. கத்தலை."

நின்றார். அவள் கத்தவில்லை. முகத்தைச் சுளித்ததும் கண்ணை மூடிக்கொண்டதும் அவர்தான்.

சாயங்காலம் கடை வெறிச்சோடியிருந்தது. அவர் கடை முகப்பில் உட்கார்ந்து ஒரு பெண்மணிக்கு ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அகலம் வழக்கம்போலக் கூடுதல். விலையும் வழக்கம்போலக் கூடுதல்.

அவள் பின்னறையில் டம்ளர்களைக் கழுவ எடுத்தாள். கருப்பு டம்ளர் ஒரே அலசலில் பளிச்சென்று ஆனது. வெள்ளை டம்ளரை வெந்நீர் விட்டுத் தேய்த்தாள், முகர்ந்தாள், மறுபடி தேய்த்தாள். விரிசலுக்குள்ளிருந்து மெல்லிய புளிப்பு வாசனை போகவே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இந்த டம்ளரை வீட்டிலிருந்து ஒதுக்கியதற்குக் காரணம் விரிசலின் அழகுக்குறைவு மட்டும் அல்ல. அதில் என்ன பால் ஊற்றி வைத்தாலும் மறுநாள் புளித்துப்போய்க் கிடந்தது. அதனால்தான் சாக்குக்கட்டிக்கு என்று கொடுத்துவிட்டாள். அடையாளம் மாறக் கூடாதென்று அவர் ஒவ்வொரு முறையும் வெள்ளைப் பொத்தானுக்கு இதே டம்ளரை வைத்திருக்கிறார்.

எதுவும் போடாத மூணாவது டம்ளர் வச்சாரா?

அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அவர் காசை எண்ணாமலே கல்லாவில் போட்டார். மனம் எங்கோ இருந்தது. அவளுடைய ரத்தம் ஆஸ்பத்திரியின் கீழ் மாடியில் ஏதோ ஒரு கண்ணாடிக் குழாயில் நிற்கிறது. நாளைக் காலையில் பதில் வரும். அவர் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதை இப்போதே போய்ச் சொல்லலாமா? நீங்க கொடுத்தது அசலே இல்லாம இருக்கலாம்; அவர்கிட்ட இருந்துதான் நீங்க அசலை வாங்கியிருக்கலாம் என்று? சொன்னால் அவர் என்ன செய்வார் என்று அவளுக்குத் தெரியும். அப்ப நான் எதையும் கொடுக்கவே இல்லை, நீயும் கொடுக்க வேண்டாம் என்று பேரத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அவள் பக்கத்துத் தேநீர்க் கடையிலிருந்து வெதுவெதுப்பான பால் வாங்கிவந்தாள். விரிசல் டம்ளரில் ஊற்றினாள். வேறு ஒன்றும் போடவில்லை.

"என்னம்மா பண்றே உள்ளே?" என்று அவர் குரல் கேட்டது.

"ஒண்ணுமில்ல. பால் மிச்சம்."

அட்டை மூடி ஒன்றைத் தேடி எடுத்து மூடினாள். கொம்புப் பொத்தான் பெட்டிக்குப் பின்னால், மேல் அடுக்கில், பழைய இடத்திலேயே வைத்தாள். அந்த மூடியில் மட்டும் எந்த நிறப் பொத்தானையும் தைக்கவில்லை.